லேக் வியூ ரோட்டிலிருந்து ஏரிக்கரைத் தெருவுக்கு: சென்னைப் புறநகரின் வரவு செலவு

எங்கள் தெருவில் பொழுது விடிவது தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில். காலை ஐந்தேகால் இருக்கும். பையன் ஒருவன் குதித்து இறங்கி, அபார்ட்மென்ட்டின் சம்ப் மூடியை நகர்த்தி, தும்பிக்கை மாதிரி கனத்த குழாயை உள்ளே இறக்குகிறான். 12,000 லிட்டர். லாரி காலியானதும் வாட்ச்மேன் அண்ணன் நோட்டில் ஒரு கோடு கிழிக்கிறார். மாதக் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணித்தான் மெயின்டனன்ஸ் தொகை முடிவாகும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இன்னொரு லாரி வரும். அது செப்டிக் டேங்கை உறிஞ்சிக்கொண்டு போகும். ஒன்று கொண்டுவந்து ஊற்றுகிறது, ஒன்று அள்ளிக்கொண்டு போகிறது, நடுவில் நாங்கள் இருபத்துநான்கு குடும்பங்கள் குளித்துத் துவைத்து ஆபீஸ் போகிறோம்.

இந்த இடம் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. இதற்கு முன்னால் பதினோரு வருடம் மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தோம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை. அவர்கள் வீட்டில் வத்தக்குழம்பா சாம்பாரா என்பது எங்களுக்குப் பத்து மணிக்கே தெரிந்துவிடும். எங்கள் சண்டைகளும் அவர்களுக்கு அப்படியே தெரிந்திருக்கும். இங்கே வந்ததும் முதல் வேலையாக மனைவி எல்லா ஜன்னல்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தாள். எதிரே காலி மனை, அதைத் தாண்டி ஏரிக்கரை, கரையில் நாலைந்து பனைமரம். அந்த ஒரு நாள் சந்தோஷத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மற்றதையெல்லாம் கணக்காகத்தான் சொல்லப்போகிறேன்.

"சிட்டிக்குள்ளயே இருந்துடலாமா, இல்ல வெளிய வந்துடலாமா?" என்று கேட்கும் நண்பர்களிடம், ரெண்டிலும் நல்லது கெட்டது உண்டு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உண்மைதான், ஆனால் யாருக்கும் உதவாத உண்மை. எனக்குத் தெரிந்தவரை, புறநகர் வீட்டின் விலை பத்திரத்தில் எழுதியதோடு முடிவதில்லை. பாக்கியைத் தண்ணியாகவும் நேரமாகவும் தவணை தவணையாகக் கட்டுகிறோம். அந்தத் தவணையைக் குடும்பத்தில் யார் கட்டுகிறார் என்று பார்த்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

அதற்கு முன், எது புறநகர் என்பதே ஒரு நிலையில் நிற்பதில்லை. மாம்பலத்தில் எங்கள் வீடு லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரிலிருந்து வந்த புதிதில் அப்பா வாக்கிங் போய் அந்த லேக்கைத் தேடியிருக்கிறார். எங்கே கிடைக்கும்? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1920-களில் மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் எழுந்தது அப்படித்தான். இன்றைக்குச் சென்னையின் நடுப்பகுதி எது என்று கேட்டால் பாதிப் பேர் தி.நகர் என்பார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அது ஏரிக்குள் போட்ட புது லேஅவுட். அங்கே மனை வாங்கியவரைப் பார்த்து ஜார்ஜ் டவுன்காரர் யாராவது "அவ்வளவு தூரமா போறீங்க?" என்று கேட்காமலா இருந்திருப்பார்.

எங்கள் ரயில் பாதையிலேயே ஒரு நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரிமுத்து 1928-ல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான் வைத்தியம். அந்த நல்ல காற்று கிடைக்கும் இடமாகத் தாம்பரம் இருந்தது. இன்றைக்கு, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டுக்குள் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூருக்கு வந்தது. ஊருக்குள் வைத்துக்கொள்ள இடமில்லாத ஒவ்வொன்றும் இப்படித் தெற்கே நகர்ந்து, 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர்ப் பேருந்து நிலையமே கிளாம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

மக்களும் அப்படித்தான் வந்தார்கள். 2001-லிருந்து 2011-க்குள் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமானது. பத்து வருடத்தில் 7 சதவீதம்தான். அதே பத்து வருடத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குப் போனது, 39 சதவீதம். திருவள்ளூர் 35 சதவீதம். நகரம் உள்ளே நிரம்பிவிட்டது, வளர்ந்ததெல்லாம் ஓரத்தில்தான். அரசாங்கம் பின்னாலேயே ஓடிவந்து கோடு போட்டது. 2011-ல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகளாயின. எங்கள் தெரு இன்னும் ஊராட்சிக் கணக்கில்தான் இருக்கிறது. வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் மனசு குளிரும். தெரு விளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனால், அந்த வரிக்கு இவ்வளவுதான் என்பதும் புரிந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். மாம்பலத்தில் கடைசியாக நாங்கள் கொடுத்த வாடகை 24,000. இங்கே அதைவிடப் பெரிய வீட்டுக்கு 12,000. மிச்சம் 12,000 என்று நானும் துள்ளிக் குதித்தவன்தான். எனக்கு வேலை நுங்கம்பாக்கத்தில். மாம்பலத்திலிருந்து வாசல் விட்டு வாசல் முப்பத்தைந்து நிமிடம். இங்கிருந்து ஒரு மணி நாற்பது நிமிடம். போக வர, ஒரு நாளைக்கு இரண்டு மணி பத்து நிமிடம் கூடுதல். மாதம் 24 வேலை நாள் என்றால் 52 மணி நேரம். ஆறு நாள் வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு முழு வாரத்தைவிட அதிகம். அதாவது ஒவ்வொரு மாதமும் சம்பளமில்லாமல் ஒரு வாரம் ரயிலிலும் பைக்கிலும் வேலை பார்க்கிறேன்.

அந்த 12,000-லிருந்து லாரித் தண்ணி பங்கு, குடிக்க கேன் தண்ணி, ஸ்டேஷன் பார்க்கிங், பெட்ரோல், பெண்ணுக்கு ஸ்கூல் வேன் எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது 6,500 சொச்சம். 52 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 125 ரூபாய். என் நேரத்தை அந்த விலைக்கு விற்றிருக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதைப் படிக்கிறவர்களும் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிலருக்கு நல்ல விலைதான். வாடகை வித்தியாசம் 20,000 என்றால், அல்லது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால், கணக்கு தலைகீழாக மாறிவிடும். சிலருக்கு மணிக்கு 40 ரூபாய்கூடத் தேறாது. புறநகரில் வாடகை குறைவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் உள்ள கோளாறு இதுதான்.

ரயிலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. புறநகர் ரயிலில் டிக்கெட் இன்னும் ஐந்து ரூபாயில்தான் ஆரம்பிக்கிறது. சீசன் டிக்கெட் எடுத்தவனுக்குப் போக்குவரத்துச் செலவு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தெற்குப் புறநகர் இவ்வளவு தூரம் நீண்டதற்கு அந்தச் சீசன் டிக்கெட்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு இடையே ஏசி மின்ரயிலும் வந்தது; அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஆனால் தாம்பரம் வரை வண்டிமேல் வண்டி, தாம்பரத்தைத் தாண்டினால் காத்திருப்பு. சாயங்காலம் எழும்பூரில் ஏறி உட்கார்ந்து, "தாம்பரத்தோட சரி" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது ஒரு நொடி வயிறு கலங்கும் பாருங்கள், அது இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் பழக்கமானது. இறங்கி, அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காக அதே பிளாட்பாரத்தில் நின்று, ஏற்கெனவே நிரம்பி வரும் பெட்டியில் தொற்ற வேண்டும்.

ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியேறியவர்களின் கதை வேறு. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்த பிறகு வேலையே அங்கே போய்விட்டது. சிறுசேரியில் வேலை பார்க்கிறவருக்கு நாவலூரில் வீடு என்றால் அது புறநகரே இல்லை. மயிலாப்பூர்தான் அவருக்குப் புறநகர். அந்தச் சாலை 2008-ல் ஆறு வழியானது, ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்குப் போனது, இந்தச் சாலையோடு தெற்கே இறங்கவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையின் நடுவைத் தடுத்ததிலிருந்து அங்கே இருக்கும் நண்பர்களுடன் பேச்சே போக்குவரத்து நெரிசலில்தான் தொடங்குகிறது. வேலை இடம் மாறாதவரை அவர்கள் ராஜா. அம்பத்தூருக்கு மாற்றல் ஆனால் அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது சம்பாதிக்கிற ஒருத்தனின் கணக்கு. வீட்டில் மற்ற மூன்று பேரின் கணக்கு எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அப்பாவுக்கு எழுபத்தாறு. மாம்பலத்தில் அவருடைய உலகம் அரைக் கிலோமீட்டர். காலையில் பால், பேப்பர், சத்திய நாராயணர் கோயில், சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ கச்சேரியோ, வழியில் நாலு பேரோடு பேச்சு. எல்லாம் நடையில். இங்கே கடை ஒன்றரைக் கிலோமீட்டர். நடைபாதை கிடையாது, நாய்கள் உண்டு. ஒரு ஈசிஜி எடுக்க வேண்டுமென்றால் நான் லீவு போட வேண்டும். மொட்டை மாடியில் பவழமல்லியும் கறிவேப்பிலையும் வைத்து, அதோடு பேசிக்கொண்டிருக்கிறார். "நல்ல காத்துதாண்டா. ஆனா காத்தோட எவ்வளவு நேரம் பேசறது?" என்றார் ஒரு நாள். வயதானவர்களுக்குப் புறநகரின் அமைதி நல்லது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வயதாகாதவர்கள்.

பெண்ணுக்கு நேரெதிர். ஐந்தாம் வகுப்பில் இங்கே வந்தாள். மாம்பலத்தில் சைக்கிள் என்பது நாங்கள் பின்னால் ஓட வேண்டிய சமாச்சாரம். இங்கே வந்த மாதமே காலி மனைகளுக்கு நடுவே தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். மழைக்காலத்தில் ஏரியில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வரும். அவற்றுக்குப் பெயர் வைத்து நோட்டில் எழுதிவைத்திருந்தாள். நல்ல நாலு வருடம். பதினைந்து வயதானதும் கதை மாறியது. டியூஷன், தோழி பிறந்தநாள், ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி என்று எங்கே போகவும் அவளுக்கு ஓட்டுநர் நான்தான். மாம்பலத்தில் அவள் வயதுப் பெண்கள் தானாக பஸ் ஏறிப் போய் வந்துவிடுகிறார்கள். பத்து வயதில் கொடுத்த சுதந்திரத்தைப் பதினைந்தில் இந்த இடம் திரும்ப எடுத்துக்கொண்டது.

மனைவி கிண்டியில் வேலை பார்க்கிறாள். ரயிலைப் பற்றி அவளுக்குக் குறையே இல்லை. பெண்கள் பெட்டியில் பூக்காரம்மாக்கள், சமோசா விற்பவர்கள், ஒரே நேரத்துக்கு ஏறும் ஏழெட்டுச் சிநேகிதிகள் என்று அது ஒரு தனி ஊர். அவளுடைய பிரச்சினை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் அந்த இரண்டரைக் கிலோமீட்டர். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த பஸ் எங்கள் பக்கத்து உள்தெருக்களுக்குள் வருவதில்லை. ஷேர் ஆட்டோ ஒன்பது மணியோடு சரி. ஆபீஸில் லேட்டானால் பெருங்களத்தூர் தாண்டியதும் போன் வரும்: "என்னங்க, கிளம்புங்க." நான் கிளம்புவேன். நான் ஊரில் இல்லாத நாளில் அவள் சீக்கிரமே கிளம்பிவிடுவாள். அப்படிக் கிளம்பிய நாட்களால்தான் ஒரு பதவி உயர்வு கைவிட்டுப் போனது என்று அவள் நினைக்கிறாள். அதை எந்தத் தவணையில் எழுதுவது?

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வீடு பார்க்கப் போகிறவர்கள் இதைத்தான் குறைவாக விசாரிக்கிறார்கள். சென்னை நகரத்துக்குக் குழாயில் வருவது பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர், வீராணம், கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்த நீர். 2019 கோடையில் அந்த நாலு ஏரிகளும் வறண்டபோது மாம்பலத்திலும் குடத்தோடு நின்றோம். ஆனாலும் குடிநீர் வாரியம் என்று ஒரு பெயர் இருந்தது, லாரிக்காகச் சண்டை போட ஒரு ஆபீஸ் இருந்தது. அந்தக் குழாய் எட்டாத இடத்தில் எல்லாம் போர்வெல்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் மணல், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி நிற்கும். தாம்பரத்துக்குத் தெற்கே பூமிக்குள் கடினப் பாறை. பாறையின் வெடிப்பில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்து மனையில் 80 அடியில் ஊற்று வந்திருக்கும், நம் மனையில் 400 அடி போனாலும் புழுதி பறக்கும். எங்களுக்கு இடம் காட்டிய புரோக்கர் "அறுபது அடியில இளநி மாதிரி தண்ணி சார்" என்றார். முதல் கோடையிலேயே எங்கள் போர் காற்றைக் கக்கியது. கிடைக்கிற தண்ணீரிலும் உப்பு. ஹீட்டர் காயில் மூன்று வருடம் தாங்கினால் அதிசயம்.

தண்ணீர் இல்லாத இதே இடத்தில்தான் வெள்ளமும் வருகிறது. புதிதாக வந்தவர்களுக்கு இது புதிர். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று எந்த ஊரை எடுத்தாலும் பெயரோடு ஒரு ஏரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு என்று தண்ணீர் போவதற்கு வழி இருந்தது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. கிடைக்கும்போது பழைய பரப்பில் சிறு பகுதிதான் மிஞ்சியிருந்தது. கால்வாயெல்லாம் தெருவானதும் தண்ணீர் தெரு வழியாகவே போக ஆரம்பித்தது.

மேற்குப் பக்கத்தில் அடையாறு. அடையாறு என்றால் நம்மில் பலருக்கு கோட்டூர்புரம் பாலமும் திரு.வி.க. பாலமும்தான் நினைவுக்கு வரும். அது ஆரம்பிப்பது ஆதனூர்ப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டதைத்தான் எல்லோரும் பேசினார்கள். செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலக்கும் இடம் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் கீழே இருக்கிறது. அந்த இரண்டு ஊர்களும் முதல் மாடி வரை மூழ்கியது மேலிருந்து வந்த ஏரிகளின் உபரி நீரில். 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரில் படகு ஓடியது. வேளச்சேரிக்காரர்கள் இப்போது சுதாரித்துவிட்டார்கள்: 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் எங்கள் அபார்ட்மென்ட்டில் யாரோ "நமக்குப் பக்கத்துல எந்தப் பாலம்?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நகரத்துக்குள் வெள்ளம் வராதா என்றால் வரும், தி.நகரே முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறது. ஏரியில் கட்டியதுதானே அதுவும். அங்கே ஏரியின் நினைவு அழிந்து நூறு வருடமாகிறது, வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. புறநகரில் வழி இருக்கிறது. பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமத்து 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணுக்கு நேராக ஏரி, நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால், அனாதீனம் என்று இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஓடிவந்துவிட வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களின் சேமிப்பு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் ஒரு சின்ன விஷயம், பத்திரத்தைவிட நம்பகமானது: அடைமழை நாளில் போய் அந்த மனையைப் பார்ப்பது. புரோக்கர் வர மாட்டார். நாம் போகலாம்.

நான் பேசுவதெல்லாம் விரும்பி வந்தவர்களைப் பற்றி. விரும்பாமல் வந்தவர்களும் இதே புறநகரில்தான் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு நன்மை தீமை பேசுவது அரைப் பேச்சு. 2000-லிருந்து துரைப்பாக்கம் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடிசை மாற்று வாரியம் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி, கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமானது. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று எடுத்து, சதுப்பு நிலத்தின் ஓரத்தில், மழைக்குத் தண்ணீர் சூழும் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். மாம்பலத்தில் எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்காவும் அப்படிப் போனவர். அதற்கு முன் நடந்து வந்து மூன்று வீட்டில் வேலை செய்தார். போன பிறகு இரண்டு பஸ் மாறி வந்து ஒரு வீட்டில் செய்தார், ஆறு மாதத்தில் அதையும் விட்டுவிட்டார். வீடு பழையதைவிடப் பெரிசு, கழிப்பறை தனி, சிமென்ட் தளம். அவருடைய நேரத்துக்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்க அங்கே வேலையே இல்லை. நகரத்தில் ஏழைக்கு இருந்த ஒரே சொத்து வேலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். அதை வாங்கிக்கொண்டு ஃப்ளாட் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் ஊரின் நடுப்பகுதி என்பதே எங்கள் பக்கமாக நகர்ந்து வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் மாம்பலத்திலிருந்து கோயம்பேட்டுக்கு மூட்டை முடிச்சோடு போய், அங்கிருந்து பஸ் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். இப்போது கிளாம்பாக்கம் எங்களுக்குப் பத்து நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்பினால் போதும். 88 ஏக்கரில் கட்டியிருக்கிறார்கள். திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை என்பதால் மற்றவர்கள் பட்ட பாடு பெரிசு. என் சித்தப்பா திருவொற்றியூரில் இருக்கிறார், நகரத்துக்காரர் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர். தீபாவளிக்கு மதுரைக்குக் கிளம்பி, கிளாம்பாக்கம் வந்து சேரவே இரண்டரை மணி நேரம் ஆகி, எங்கள் வீட்டில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போனார். "ஊர் எல்லைக்கு நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன். நான்தான் இருக்கேன் போலிருக்கு" என்றார்.

கவனித்துப் பார்த்தால், சென்னையில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஊர் இருக்கிற திசையில்தான் வாங்குகிறார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம்தான் அதிகம். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வேலூர்க்காரர்களை அதிகம் பார்க்கிறேன். இது என் கணிப்புதான், கணக்கெடுப்பு இல்லை. மனசு பாதி ஊரில் இருப்பவனுக்கு ஊர்ப் பக்கத்து வாசலில் உட்கார்ந்திருப்பது ஒரு நிம்மதி.

போன மாதம் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் வருகிறதாம். நீலக் குழாய்களைச் சாலையோரம் அடுக்கிவைத்து, பாதி தூரம் பதித்து, மழை வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளத்தில் பைக் விழாமல் இருக்க வாட்ச்மேன் அண்ணன் ஒரு வேப்பங்கொம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். லாரி இப்போது உள்ளே வர முடியாததால் தெருமுனையிலேயே நிற்கிறது. அங்கிருந்து நீளக் குழாய் போட்டு இழுக்கிறார்கள், அதற்கு லாரிக்கு நூறு ரூபாய் கூடுதல். எதிர் அபார்ட்மென்ட்டில் ஒரு ஃப்ளாட் காலியாக இருக்கிறது. போன வருடம் 12,000 சொன்ன உரிமையாளர் இப்போது 15,000 என்கிறார். ஏன் சார் என்று கேட்டேன்.

"பைப் வருதே, பார்க்கலையா?" என்றார்.